பிரதம விருந்தினர்: ஓர் ஓநாய்

ஓநாய்க்குப் பொன்னாடை போர்த்த முடியாது என்று ஒரு படித்த மனிதருக்கு விளங்கப்படுத்த எனக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, ஒக்லாந்தின் ஒனிஹங்காவில் எங்கள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. சிவபாதம் மாஸ்ரர் நின்றார். சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் அதிபர். மற்ற நாட்களில் கட்டடப் பொறியியலாளர். பாலங்கள் விழாமல் பார்த்துக்கொள்கிற மனிதர். ஆனால் ஒரு கூட்டத்தை நேரத்துக்கு முடிக்க அவரால் இன்றுவரை முடிந்ததில்லை.

கையில் பிளாஸ்ரிக் உறை. அதற்குள் ஒரு தாள். என் கையெல்லாம் மீன் செதில். அதனால் அவரே தாளை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசித்தேன்.

மங்கள விளக்கேற்றல். அகவணக்கம். தமிழ்மொழி வாழ்த்து. வரவேற்பு நடனம். வரவேற்புரை. தலைமையுரை. பிரதம விருந்தினர் கௌரவிப்பு. நன்றியுரை. எல்லாவற்றுக்கும் கீழே, இடம் போதாமல் சின்ன எழுத்தில், ஓநாய் பார்த்தல்.

“மாஸ்ரர், இதில பிரதம விருந்தினர் ஆர்?”

“வேற ஆர்? நோரா.”

நோரா என்பது நான் வேலை செய்கிற பூங்காவின் ஓநாயின் பெயர்.

“சும்மா போய் மிருகத்தைப் பாத்திட்டு வாறதுக்கு இது என்ன சுற்றுலாவே ரீச்சர்? எங்கட பள்ளிக்கூடம் ஒண்டு செய்தா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. பிரதம விருந்தினர் இல்லாமல் நாங்கள் ஒரு நிகழ்ச்சியும் செய்தது கிடையாது.”

“பொன்னாடையை ஆருக்குப் போர்த்தப் போறியள்?”

“நோராவுக்குத்தான்.” என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, அவவின்ர சார்பில, பராமரிக்கிற பெடியனுக்குப் போர்த்துவம். ஆனா அவவுக்கு முன்னால நிண்டுதான் போர்த்த வேணும். பாக்கட்டும்.”

நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இது லேசில் முடிகிற கதையில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

பெட்டியிலிருந்து ஓநாய்க்கு

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதிய மங்கரே சரக்குக் கொட்டகைக் கதையை வாசித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பெட்டிக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஓநாயிடம் எப்படிப் போனீர்கள்?”

கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அப்போது அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டேன்.

மன்னாரில் நான் உயிரியல் ரீச்சர். இங்கே வந்து ஆறு வருடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கினேன். முதுகு போன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை தேடினேன். வெஸ்ட்கேட்டின் புதுக் கடைகளும் புது வீடுகளும் முடிகிற இடத்துக்கு அப்பால், சேற்றுப் பாதையில் ஒரு தனியார் விலங்குப் பூங்கா இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டி வந்து, ஓநாயைக் காட்டி, பாடமும் சொல்லி, எண்ணிக்கை குறையாமல் திருப்பி அனுப்ப ஒரு ஒழுங்கமைப்பாளர் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள்.

நேர்முகத் தேர்வில் முகாமையாளர் ஹெலன், “ஆபத்தான விலங்குகளோடு அனுபவம் உண்டா?” என்று கேட்டார். “ஒன்பதாம் வகுப்பு ஆண் பிள்ளைகளுக்குப் பதினொரு வருடம் படிப்பித்திருக்கிறேன்” என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

வேலை என்று போன பிறகுதான் தெரிந்தது, அது ஓநாயோடு இல்லை, படிவங்களோடு என்று. அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரணப் பதிவு, பாஸ், விசா என்று படிவம் நிரப்பியே வளர்ந்தவள் நான்.

ஒவ்வொரு பள்ளிக்கூடம் வரும்போதும் ஒரு ஆபத்துப் படிவம் நிரப்ப வேண்டும். மூன்று நிரல்கள். என்ன கெட்டது நடக்கலாம், நடந்தால் எவ்வளவு மோசம், நடக்காமல் இருக்க என்ன செய்வோம். மன்னாரில் பிறந்த ஒருத்திக்கு முதல் நிரலை நிரப்ப யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. என் முதல் வரைவு பத்தொன்பது பக்கம் போனது. அதில் “மேலிருந்து ஏதும் விழுதல்” என்று ஒரு வரி. ஹெலன் அதை மரக்கிளை என்று நினைத்துப் பாராட்டினார். நான் திருத்தவில்லை.

கூட்டி வர முடியாது

ஓநாய் என்றவுடன் ஆட்களுக்கு அறிவு கழன்றுவிடுகிறது. ஒரு பள்ளிக்கூட அதிபர், “நீங்கள் ஓநாயை எங்கள் மண்டபத்துக்குக் கொண்டு வரலாமா? காலைக் கூட்டத்தில் காட்டலாம்” என்று தொலைபேசியில் கேட்டார். இன்னொருவர், அது நாய் மாதிரிக் கை கொடுக்குமா என்றார்.

இந்த நாட்டில் ஒரு மாம்பழத்தைக் கொண்டு வந்தாலே விமான நிலையத்தில் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஓநாயை வைத்திருக்க எத்தனை அனுமதி வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது இடத்தை விட்டு அசையாது. நாங்கள்தான் போக வேண்டும்.

போனாலும் சும்மா போய் நிற்க முடியாது. இரண்டு வேலி. வெளிவேலியிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பை பஸ்ஸில். சாப்பாடு பஸ்ஸில். ஓடக் கூடாது, குந்தக் கூடாது, ஊளையிடக் கூடாது. ஊளை விதி பிள்ளைகளைவிடத் தகப்பன்மாருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

பராமரிப்பாளர் சியோனே மட்டும் உள்ளே போவான். அதுவும் நோராவை வேறு பகுதிக்குள் விட்டுக் கதவைப் பூட்டிய பிறகு. சியோனே சமோவாக்காரன். மங்கரேயில் வீடு. ஆள் கதவு நிறைய இருப்பான். குரல் மட்டும் பூனைக்குட்டி. ஓநாயோடு பதினைந்து வருடம் இருந்தால் குரல் அப்படித்தான் ஆகும் என்பான்.

போத்தல்

நோரா வயதான ஓநாய். சாம்பல் நிறம், இடது காது நுனி கொஞ்சம் மடிந்திருக்கும். பிள்ளைகள் வந்தால் சரிவிலிருந்து இறங்கி வந்து, வேலியோரம் நடந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். கிராம அதிகாரியான விதானையார் ஊருக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுப் போவது மாதிரி.

அதற்கு ஒரு நாள் ஒரு பிள்ளை முடிவு கட்டியது. இரும்புத் தண்ணீர்ப் போத்தல். தடுப்புக்கு மேலால் எறிந்தது. அது வேலியில் பட்டு எழுந்த சத்தத்தில் நானே குந்திவிட்டேன். எனக்கு அந்த மாதிரிச் சத்தங்கள் பிடிக்காது. நோராவுக்கும் பிடிக்கவில்லை. நீட்டு இலைப் புதர்களுக்குள் பாய்ந்து, பொந்துக்குள் போய்விட்டாள்.

அடுத்த பள்ளிக்கூடம் வந்தபோது வெளியே வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. ஐம்பது பிள்ளைகள் ஒரு புதரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் என் வினை வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெட்டித்தனம் காட்ட, ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்தடுத்து மூன்று வருகைகளில் விலங்கு ஒளிந்துகொண்டால், அந்த வருகைகள் அதை வருத்துகின்றன என்று அர்த்தம், உடனே எல்லா வருகையையும் நிறுத்த வேண்டும். நல்ல விதி. இப்போதும் சொல்கிறேன், சரியான விதி. ஆனால் வருகைகள் நின்றால் என் வேலையும் நிற்கும். திரும்ப மங்கரே, திரும்பப் பெட்டி, திரும்ப முதுகு.

ஹெலன் என் விதியை என்னிடமே வாசித்துக் காட்டினார். “மூன்றாவதுக்கு நானும் வந்து நிற்கிறேன்” என்றார்.

மூன்றாவது வருகைக்கு ஏற்கனவே பதிந்திருந்தது யார் என்று அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூடம்.

ஒரு பிறந்தநாள் விழாவில், “நான் ஓநாயோடு வேலை செய்கிறேன்” என்று நான் அடித்த பெருமையைக் கேட்டுத்தான் மாஸ்ரர் பதிந்திருந்தார். வாய் சும்மா இருந்திருந்தால் இது வந்திருக்காது. ஒக்லாந்தில் எத்தனையோ இனங்கள் இருக்கின்றன. அதில் சத்தமில்லாமல் ஒரு இடத்துக்குப் போய் வரத் தெரியாத இனம் எது என்று கேட்டால், நான் நேர்மையாக எங்கள் ஆட்களைத்தான் காட்டுவேன். அவர்கள்தான் என் கடைசி வாய்ப்பு.

பேனை நின்ற இடம்

திரும்ப என் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். மீன் குசினியில் காய்கிறது. மாஸ்ரர் தேத்தண்ணி குடிக்கிறார். என் கையில் சிவப்புப் பேனை. ரீச்சராக இருந்தவளிடம் ஒரு தாளைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்.

நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். நோரா வராவிட்டால் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கதவு மூடப்படும், எனக்கும் சேர்த்து.

“அப்ப இதை வெட்டுறன் மாஸ்ரர். விளக்கு. நெருப்பு, ஏலாது.”

“வெட்டுங்கோ.”

“நடனம். சலங்கைச் சத்தம்.”

“அந்தப் பிள்ளையள் ரெண்டு மாசமாப் பழகினதுகள்.”

“கார் நிறுத்துற இடத்தில ஆடட்டும். வாழ்த்தும் அங்கதான். பொன்னாடையும் அங்கதான், எல்லாம் முடிஞ்ச பிறகு. அது மினுங்கும், காத்துக்கு அடிக்கும், நோரா ஓடிடுவா.”

“தலைமையுரை?”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு அஞ்சு நிமிசம்.”

மாஸ்ரரின் ஐந்து நிமிடத்தை ஊர் அறியும். வெட்டினேன். ஒரு பெருமூச்சு விட்டார். மிச்சம் இருந்தது இரண்டாவது வரி. அகவணக்கம்.

எங்கள் ஆட்களின் எந்த நிகழ்ச்சியும் அதோடுதான் தொடங்கும். போரில் போனவர்களுக்காக எல்லாரும் எழுந்து, தலை குனிந்து, இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழில் பத்து வரை எண்ண வராது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எழுந்து நிற்பார்கள்.

மாஸ்ரரின் இரண்டு நிமிடம் உண்மையில் நாற்பது செக்கன்தான். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, நாற்பதில் “நன்றி” என்பார். அதற்கு மேல் போனால் யாராவது இருமிக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன். அந்த நாற்பது செக்கனிலும் நான் வழக்கமாக அன்றைக்கு என்ன கறி வைப்பது என்றுதான் யோசிப்பேன். வேண்டுமென்றே. வேறு எதையாவது யோசித்தால் என் தம்பி அன்ரன் வந்துவிடுவான். வந்தால் நான் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் அழுதுவிடுவேன்.

அன்ரன் வாழ்நாளில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருந்தவனில்லை. சண்டை முடிகிற மாதங்களில் வன்னிக்குள் நின்றவன், வெளியே வரவில்லை. எந்த இடம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. அவனுக்கு ஒரு பூசை கொடுப்போம் என்று அம்மாவிடம் கேட்டால், “திகதி இல்லாமல் என்ன பூசை?” என்பார். அம்மாவும் போய்விட்டார். திகதி இன்னும் வரவில்லை. எனக்கும் அம்மாவின் சொல்லை மீறி ஒரு நாளை எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

சிவப்புப் பேனை அந்த வரியில் நின்றது.

“இது கிடக்கட்டும் மாஸ்ரர்” என்றேன். “இதில சத்தம் இல்லைத்தானே.”

பொக்கற் சோதனை

சனிக்கிழமை. மேற்கிலிருந்து குளிர்காற்று. இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள் என்று படிவத்தில் எழுதியிருந்தேன். பஸ்ஸும் பின்னால் எட்டுக் காரும் வந்தன. பெரியவர்கள் இருபத்தாறு பேர். இரண்டு கைக்குழந்தை. மடிக்கதிரைகள். ஒரு மிருதங்கம்.

ஹெலன் என்னைப் பார்த்தார். அவர் “பரவாயில்லை” என்று சொல்லும்போது முகம் அதற்கு எதிராகவே கதைக்கும்.

பள்ளிக்கூடச் செயலாளர் விஜி ஓடி வந்தாள். மதுரைக்காரி. “ஸ்டெல்லாக்கா, நீங்க பேசினத அப்படியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரோல்ஸ் டப்பாவ பஸ்லயே வச்சுப் பூட்டியாச்சு. சத்தியமா.”

“எத்தனை ரோல்ஸ்?”

“நூத்தியிருபது. எல்லாம் மட்டன்.”

மேலதிகப் பெரியவர்களைக் கதிரைகளோடு கார் நிறுத்துமிடத்தில் இருத்தினேன். மிருதங்கத்தைக் காருக்குள் போட்டேன். பிள்ளைகளை வரிசையில் விட்டு ஒவ்வொரு பொக்கற்றாகச் சோதித்தேன். முறுக்கு, டொபி, ஒரு றப்பர்ப் பல்லி, யாருடையதோ பல். ஐந்து பெரியவர்களில் நான்கு பேரையும் சோதித்தேன். விஜியின் கைப்பையில் இருந்த கருவாட்டுப் பொதியைப் பையோடு பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பினேன், விளக்கம் கேட்கவில்லை.

ஐந்தாவது ஆள் மாஸ்ரர். நீட்டுக் கோட்டுப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்ரரின் பொக்கற்றுக்குள் கைவிட எந்தத் தமிழ் ரீச்சருக்குக் கை வரும்? “வாங்கோ மாஸ்ரர்” என்று உள்ளே விட்டேன். அந்த நாளில் நான் செய்த பிழை அதுதான்.

நாற்பது செக்கன்

தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் நின்றார்கள். நின்றார்கள் என்றா சொன்னேன்? நெளிந்தார்கள், தள்ளினார்கள், “வேர் இஸ் இட்?” என்று கேட்டார்கள். சரிவில் புதர்கள் காற்றுக்கு ஆடின. பொந்து வாசல் இருட்டாக இருந்தது. நோரா இல்லை. ஹெலன் கையில் தாளும் பேனையும். சியோனே உதட்டைக் கடித்துக்கொண்டு புதரையே பார்த்தான்.

மாஸ்ரர் முன்னுக்கு வந்தார். பிள்ளைகளைப் பார்த்தபடி, முதுகை வேலிக்குக் காட்டி, தடுப்போடு ஒட்டி நின்றார். “அகவணக்கம்” என்றார். குரல் பெரிதில்லை.

இருபத்தெட்டுத் தலையும் குனிந்தன. தள்ளுப்படுவது நின்றது. சியோனே திரும்பி என்னைப் பார்த்தான். அவனுடைய பதினைந்து வருடத்தில் ஒரு பள்ளிக்கூடமும் அவனுக்கு இதைச் செய்து காட்டியதில்லை.

பிள்ளைகளைக் கண்காணிக்கிறவள் தலை குனியக் கூடாது. இதுவும் என் விதிதான். அதனால் நான் நிமிர்ந்து நின்றேன். நிமிர்ந்து நிற்கும்போது கறியைப் பற்றி யோசிக்க முடியவில்லை. காற்றுச் சத்தம் மட்டும். அன்ரன் வந்தான். சைக்கிளில், பின்னால் ஒரு கூடை மீனோடு, கத்திக்கொண்டு வந்தான். வரட்டும் என்று விட்டேன்.

அப்போது புதர் விலகியது. நோரா தலையை மட்டும் வெளியே வைத்தாள். பிறகு முன்கால். மடிந்த காது. மெல்ல, நின்று நின்று, சரிவில் இறங்கினாள்.

மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாற்பது ஆகிவிட்டது. “நன்றி” சொல்ல வாயைத் திறந்தார். நான் இரண்டு கையையும் உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்தவுடன் தன் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அந்த மனிதரை நான் எவ்வளவோ நக்கலடித்திருக்கிறேன். இப்போதும் அடிப்பேன். ஆனால் இதைச் சொல்லத்தான் வேண்டும். நெற்றி வேர்த்துவிட்டது. வாயை மூடினார். தலையைத் திரும்பக் குனிந்தார். அசையவில்லை.

ஒரு சின்னப் பிள்ளை கள்ளமாகக் கண்ணை உயர்த்தியது. கண்டுவிட்டது. வாய் பிளந்தது. ஆனால் அகவணக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் நின்றவளைக் கிள்ளியது. அவள் அடுத்தவனைக் கிள்ளினாள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. ஒருவரும் கத்தவில்லை.

நோரா உள்வேலி வரைக்கும் வந்தாள். மாஸ்ரரின் முதுகுக்கு நேரே நின்று மூக்கை உயர்த்தி மோந்தாள். வலமிருந்து இடமாக எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த இடத்திலேயே படுத்துவிட்டாள்.

சியோனேயின் கணக்கில் நாலரை நிமிடம். எங்கள் சமூகத்தின் வரலாற்றில் அவ்வளவு நீட்டு அகவணக்கம் நடந்ததில்லை. என் கன்னம் நனைந்திருந்தது. ஹெலன் காற்று என்று நினைத்திருப்பார்.

கடைசியில் மாஸ்ரர் கோயிலில் கதைப்பதுபோல் மெல்ல, “நன்றி” என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

“பின்னுக்கு நிக்கிறது அவதானே?”

“ஓம்.”

“எவ்வளவு கிட்ட?”

“ரெண்டு வேலி தள்ளி. முதல்ல இருந்தே உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ.”

“நீங்கள் சொல்லியிருக்கலாம் ரீச்சர்.”

“அகவணக்கத்தில கதைக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சது.”

கோட்டுக்குள் இருந்தது

கார் நிறுத்துமிடத்தில் நடனம் நடந்தது, வாழ்த்து நடந்தது, தலைமையுரையும் நடந்தது. பத்தொன்பது நிமிடம். சியோனேக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவனுடைய தோளுக்கு அது கைக்குட்டை அளவுதான். அதைக் கழற்றாமலே மங்கரேக்குக் கார் ஓட்டிப் போனான்.

விஜி ரோல்ஸ் பங்கிட்டாள். மாஸ்ரர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கோட்டின் உள் பொக்கற்றிலிருந்து ஒரு திசுத்தாள் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். ஆட்டிறைச்சி ரோல்ஸ். பாதி நசிந்திருந்தது.

“மாஸ்ரர்! இது எப்ப இருந்து உங்கட பொக்கற்றில?”

“காலமை இருந்து. எனக்குச் சீனி வருத்தம் எல்லோ. பதினொரு மணிக்கு ஏதும் கடிக்காட்டித் தலை சுத்தும்.”

எனக்குத் தலை சுற்றியது. காற்று மேற்கிலிருந்து, மாஸ்ரரின் கோட்டைத் தாண்டி, நேரே பொந்துக்கு. அவள் எங்கள் மௌனத்துக்கு வந்தாளா, ரோல்ஸுக்கு வந்தாளா?

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அது ஓநாயைப் பற்றிய படிவம். பிழையாக நிரப்பினால் வருந்துவது நானில்லை, நோரா. திங்கட்கிழமை ஹெலனிடம் சொல்லிவிட்டேன். ரோல்ஸ் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவே கொஞ்ச நேரம் எடுத்தது. ஹெலன் யோசித்தார். “அப்படியென்றால் இது கணக்கில் இல்லை. அடுத்த வருகைதான் மூன்றாவது” என்றார்.

அடுத்தது செவ்வாய்க்கிழமை, வெஸ்ட்கேட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. முப்பது பிள்ளைகள். இந்த முறை ஆசிரியர், பஸ் சாரதி, ஹெலன், ஒருவரையும் விடாமல் பொக்கற் சோதித்தேன். தடுப்புக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு நிமிடம் தலை குனிந்து பேசாமல் நிற்கப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. “யாருக்காக?”

புதரைக் காட்டினேன். “நோராவுக்காக” என்றேன்.

நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு நிமிடம் போனது. புதர் அசையவில்லை. என் முதுகு அந்தப் பெட்டிகளின் பாரத்தை இப்போதே உணரத் தொடங்கியது. ஒன்றரை நிமிடத்தில் மடிந்த காது தெரிந்தது. அன்றைக்குப்போல் வேலி வரைக்கும் வரவில்லை. பாதிச் சரிவில் வந்து நின்றாள், பார்த்தாள், அங்கேயே படுத்தாள். ஹெலன் தாளில் ஒரு சரி போட்டார்.

என் வேலை தப்பியது. படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: பார்வை தொடங்கு முன் இரண்டு நிமிட மௌனம். சியோனே அதைத் ‘தமிழ் வேலை’ என்பான். மாஸ்ரர் அதைத் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடங்கள் வருகின்றன. எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ, சேற்றுச் சப்பாத்தோடு, தலை குனிந்து நிற்கிறார்கள். ஓநாய்க்காக என்று நினைத்துக்கொண்டு. நான் திருத்துவதில்லை. திகதி இல்லாத என் தம்பிக்கு இப்போது கிழமையில் இரண்டு நாள் இருக்கிறது.